எமிலியோ இல்லாத மேடை

1966 அக்டோபரில் ஒரு புதன்கிழமை சாயங்காலம், சர்ச்சின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெண்டல் க்ராஸ் உள்ளே வந்தான். நடீன் ஆர்கனில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பதினாறு வயது. சான் ஹோசேயில் ஒரே பள்ளிக்கூடம்தான் என்றாலும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. காதை மூடி முடி வளர்த்ததற்காகப் பள்ளியிலிருந்து இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் வெண்டல்.

"பாட்டு முடிஞ்சப்புறம் ஒண்ணு வாசிச்சியே, அது என்னது?"

"எது?"

"இப்ப கடைசியா. ஆமென் போட்டு முடிச்சிட்டு, கையை எடுக்காம அப்படியே எங்கயோ போனியே. ரோடு வரைக்கும் கேட்டுச்சு."

நடீனுக்கு முகம் சிவந்துவிட்டது. யாரும் இல்லை என்று நினைத்துத்தான் வாசித்திருந்தாள். "அது ஒண்ணுமில்ல. சும்மா வாசிச்சது."

"அந்த ஒண்ணுமில்லாததுதான் எங்களுக்கு வேணும். சனிக்கிழமை எங்க வீட்டு கராஜுக்கு வா."

போனாள். வெண்டலின் அப்பா காரைத் தெருவில் விட்டுவிட்டு கராஜைப் பையன்களுக்குக் கொடுத்திருந்தார். சுவர் முழுக்கப் பழைய கம்பளம் அடித்திருந்தது. வெண்டல் கிடார், பாட்டு. அவனுடைய சித்தப்பா மகன் டெக்ஸ் பேஸ் கிடார். டிரம்ஸுக்குப் பின்னால் எமிலியோ அவிலா. பத்தொன்பது வயதாகி, பள்ளி முடித்து, பழங்களை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க சிஸ்டர்!" என்று கத்தினான் டெக்ஸ். "காணிக்கைத் தட்டு கொண்டுவந்தீங்களா, வெறுங்கையோட வந்தீங்களா?"

"வாயை மூடுடா," என்றான் எமிலியோ. எழுந்து, டிரம்ஸின் இடது பக்கம் கிடந்த பெயின்ட் டப்பாக்களை ஒதுக்கி அவளுக்கு இடம் செய்து கொடுத்தான். அன்று முழுவதும் அவன் பேசியது அவ்வளவுதான்.

நடீனின் அப்பா ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஞாயிறு ஆராதனையை ஒரு நாளும் விடமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்த பிறகு, யாரோ கல்யாண வீடுகளில் வாசித்துக் கழித்துப்போட்ட சின்ன மின்சார ஆர்கன் ஒன்றை அவரே தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். அதன் சத்தம் மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தது. வெண்டலின் கிடார் கரகரவென்று இழுக்க, அதன்மேல் இந்த மூக்குச்சத்தம் சுருள்சுருளாக ஏற, கராஜுக்குப் பின்னால் இருந்த பிளம் தோட்டம்கூட அசைகிற மாதிரி அவளுக்குத் தோன்றும். தொழிற்சாலையையும் தோட்டத்தையும் சேர்த்து குழுவுக்கு 'டின் ஆர்ச்சர்ட்' என்று பேர் வைத்தான் டெக்ஸ்.

முதலில் ஸ்கேட்டிங் அரங்கில் வாசித்தார்கள். அங்கே வந்தவர்கள் சக்கரக் காலோடு விழுந்து எழுவதிலேயே குறியாக இருந்தார்கள். பிறகு பள்ளி நடனங்கள். ஜனவரியில் கண்காட்சித் திடலில் பதினோரு குழுக்கள் மோதிய போட்டியில் ஜெயித்தார்கள். ஒரு மத்தியானம் முழுக்க ஒலிப்பதிவுக் கூடம் இலவசம் என்பதுதான் பரிசு.

அங்கே பதிவு செய்த பாட்டு 'ஈரச் சூரியன்'. வெண்டல் எழுதியது. நடுவில் நடீன் எட்டுச் சுற்று தனியாக வாசிக்க வேண்டும், பிறகு வெண்டல் மறுபடி பாட்டை எடுப்பான் என்று பேச்சு. எட்டுச் சுற்று முடிந்தது. அவள் கையை எடுக்கப் போனாள். அப்போது எமிலியோ அவளைப் பார்த்தான். டிரம்ஸை நிறுத்தவில்லை, தாடையை லேசாக உயர்த்தி, போ என்றான். அவள் போனாள். சர்ச்சில் யாரும் இல்லாதபோது எங்கே போவாளோ அங்கே போனாள். இந்தத் தடவை கூடவே ஒருவன் வந்துகொண்டிருந்தான், அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அரைக் கணம் முன்னாலேயே அங்கே நின்றுகொண்டு. முடிந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஒலிப்பதிவாளர், "யாரும் எதையும் தொடாதீங்க. இதையே வச்சுக்கலாம்," என்றார்.

மார்ச்சில் உள்ளூர் வானொலி அதைப் போட ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை நான்கு பேரும் ஹாம்பர்கர் கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்துக் காரில் அவர்கள் பாட்டு வந்தது. அதற்கடுத்த காரிலும் அதே. யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள்.

"ஐயோ, இது நாமடா!" டெக்ஸ் வாயிலிருந்த உருளைக்கிழங்கு வெளியே தெறித்தது. "ஏய், அந்தப் பொண்ணு தலையாட்டுது பாரு! எனக்குத்தான் ஆட்டுது!"

"அவ கழுத்து சுளுக்கியிருக்கும்," என்றான் வெண்டல். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. பின் இருக்கையில் எமிலியோவின் விரல்கள் முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. அவை தன் முழங்காலைத் தொடும் தூரத்தில்தான் இருக்கின்றன என்பதைத் தவிர வேறெதுவும் நடீனின் புத்தியில் ஏறவில்லை.

பாட்டு உள்ளூர்ப் பட்டியலில் நான்காவது இடம் வரை ஏறியது. ஏப்ரல் கடைசியில் எமிலியோவுக்குக் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கும் கடிதம் வந்தது.

கராஜுக்கு அதைக் கொண்டுவந்து காட்டினான். வெண்டல்தான் முதலில் சொன்னான்: "நீ திரும்பி வர்ற வரைக்கும் இந்த ஸ்டூல்ல எவனும் உட்கார மாட்டான். சத்தியமா."

"ரெண்டு வருஷம்டா," என்றான் எமிலியோ.

"இருக்கட்டும். ரெண்டு வருஷம் பாட்டு எழுதறேன்."

டெக்ஸ் தலையாட்டினான். நடீனும் ஆட்டினாள்.

எமிலியோ படைக்குப் போனான். கோடை முழுக்க நடீன் அவனுக்குக் கடிதம் எழுதினாள். டெக்ஸ் உளறியது, எமிலியோவின் அம்மாவைக் கடையில் பார்த்தது, தன் அப்பாவின் முறைப்பு எல்லாம் எழுதினாள். எழுத நினைத்ததை மட்டும் எழுதவில்லை. பீரங்கிப் படையில் போட்டிருக்கிறார்கள் என்று அவன் பதில் போட்டான்.

ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் பெரிய நடன அரங்கிலிருந்து வெண்டலுக்கு அழைப்பு வந்தது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம், பெரிய குழுக்கள் வாசிப்பதற்கு முன்னால் நாற்பது நிமிஷம். கல்லூரியில் படிக்கும் ஸ்டூவர்ட் என்ற டிரம்ஸ்காரனையும் அவன் ஏற்பாடு செய்துவிட்டான்.

"சத்தியம் பண்ணினியேடா," என்றான் டெக்ஸ்.

"பண்ணினேன். இந்த மாதிரி கூப்பிடுவாங்கன்னு அப்ப தெரியுமா? ரெண்டு வருஷம் கழிச்சு நம்மள யாருக்கு ஞாபகம் இருக்கும்? நடீன், நீ சொல்லு. உனக்கு ஆசையில்லையா?"

ஆசை இருந்தது. அந்த ஒலிப்பதிவு நாளில் வாசித்தபடியே போய்ச் சேர்ந்த இடத்துக்கு இன்னொரு முறை போக வேண்டும் என்ற ஏக்கம் அவளைத் தூங்கவிடவில்லை. "எமிலியோவுக்கு எழுதிக் கேப்போம்," என்றாள்.

"நான் எழுதறேன்," என்றான் வெண்டல். எழுதவில்லை. எழுதியிருக்க மாட்டான் என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவளும் அந்தச் செய்தியைத் தன் கடிதங்களில் சேர்க்கவில்லை.

ஆராதனை முடிந்து, பாட்டுப் புத்தகத்தை மூடிய கையோடு வண்டியில் ஏறி அரங்குக்குப் போனாள். சுவரெல்லாம் வண்ணத் திரவம் கொப்பளிக்கிற மாதிரி வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள். 'ஈரச் சூரியன்' கடைசிப் பாட்டு. நடுப்பகுதி வந்தது. எட்டாவது சுற்றில், ஒத்திகையில் சொன்னபடியே, ஸ்டூவர்ட் டிரம்ஸை உருட்டி முடித்தான். நடீன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் வெண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை எடுத்தாள். பாட்டு முடிந்தபோது கூட்டம் கத்தியது. வெண்டல் இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

அவள் படியிறங்கி வந்தபோது ஓரமாக, தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, எமிலியோ நின்றிருந்தான்.

"பத்து நாள் லீவு. வியட்நாம் போறதுக்கு முன்னால," என்றான். "சொல்லாம வந்து நிக்கலாம்னு நெனச்சேன். போஸ்டர்ல பேரைப் பார்த்தேன்."

"எமிலியோ, நான்..."

"நல்லா வாசிச்ச." அவன் சிரிக்கத்தான் செய்தான். "ஏன் நடுவுல அவ்வளவு சீக்கிரம் நிறுத்திட்ட?"

திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். அவன் ஸ்டூவர்ட்டிடம் போய்க் கைகுலுக்கினான். வெண்டலின் தோளைத் தட்டினான். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டான். அந்தப் பத்து நாளும் நடீன் தினம் அவன் வீட்டுக்குப் போக நினைத்தாள். ஒரு நாள் தெருமுனை வரை போனாள். வாசலில் அவன் தன் தம்பிகளைத் தோளில் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் திரும்பிவிட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் கராஜுக்குப் போகவில்லை. வெண்டல் வீட்டுக்கு வந்து கெஞ்சினான், பிறகு கத்தினான்: "அவன் மன்னிச்சுட்டான்! உனக்கென்ன?"

"அதான் எனக்குத் தாங்கல," என்றாள் அவள்.

டெக்ஸ் ஃபிரெஸ்னோவில் கல்லூரிக்குப் போனான். வெண்டல் லாஸ் ஏஞ்சல்ஸில் வேறு ஆட்களை வைத்து அதே பேரில் இரண்டு இசைத்தட்டு போட்டான். இரண்டையும் யாரும் வாங்கவில்லை. நடீன் எமிலியோவுக்கு மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதினாள். 'அதெல்லாம் விடு. இங்கே மழை நிற்கவே மாட்டேன் என்கிறது' என்று ஒரு அட்டை வந்தது.

1969 மே மாதம் அவன் திரும்பினான். இந்த முறை அவள் தெருமுனையில் நிற்கவில்லை. அவன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் வலது பக்கம் உட்காரப் போனபோது, "இந்தப் பக்கம் வா," என்று இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினான். "அந்தக் காது போச்சு. பீரங்கி. எந்நேரமும் உள்ளே ஒரே சத்தம் ஓடுது."

"எப்படிச் சத்தம்?"

அவன் வாய்க்குள் ஒரு சுரத்தை முனகிக் காட்டினான். சற்றுக் கேட்டுவிட்டு அவளும் அதே சுரத்தை முனகினாள்.

"அதேதான்!" என்றான். "டாக்டருங்களுக்குக்கூடப் புரியல."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். கராஜைப் பற்றி அவன் கேட்கவில்லை. டிரம்ஸைத் தம்பியின் பள்ளிக்குக் கொடுத்துவிட்டதாக மட்டும் சொன்னான். தன்னோடு போரிட்டவன் ஒருவன் ஆரிகன் மாநிலத்தில் மர ஆலையில் வேலை பார்க்கிறான், தன்னையும் கூப்பிடுகிறான், வெள்ளிக்கிழமை கிளம்பப்போகிறேன் என்றான்.

"மர ஆலையில சத்தமா இருக்காதா?"

"இருக்கும். அப்போ உள்ள ஓடுறது கேக்காது."

போகாதே என்று சொல்ல அவளிடம் வார்த்தை தயாராக இருந்தது. அவன் அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். எமிலியோ எழுந்து அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அந்தக் கையை அவள் தேவைக்கு மேல் ஒரு கணம் பிடித்திருந்தாள். அவனும் விடவில்லை. பிறகு இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் பஸ் நிலையத்துக்குப் போனாள். அவன் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அவள் கை அசைத்துக்கொண்டே நின்றாள்.