கல்யாண வண்டி

பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கிப் போட்டுவிட்டு, "வாசல்ல நிக்கிற காரத் தள்ளுனாத்தான் கால் ஊன முடியும்" என்று மறுபடியும் சொன்னார்கள். சோணைமுத்து காதில் வாங்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தங்கை இசக்கியம்மாள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேதி கேட்டதும் மகாராஜபுரத்திலிருந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்தவள், அப்பாவின் மேல் விழுந்து அழத்தான் செய்தாள். மதினி அழகுத்தாய் நடந்ததைச் சொன்னதும் அழுகை நின்றுவிட்டது.

"விடியக்காலையில நெஞ்சு வலிக்குன்னாக, அதோட பேச்சு நின்னு போச்சு. ஒங்கண்ணன் வண்டிய எடுக்க ஓடுனாக. எம்புட்டுத் திருகியும் ஸ்டார்ட் ஆகல. ஆட்டோவுக்குப் போய்ட்டு வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

ஸ்டார்ட் ஆகவில்லையாம். எந்த வண்டி? எண்பத்துமூன்றாம் வருஷத்து டீசல் அம்பாசிடர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டு வருஷமாகப் பாதிக் கல்யாணங்களுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் அதில்தான் ஏறினார்கள். மார்கழிப் பனியில்கூட ஒரே திருகலில் உறுமுகிற வண்டி, பெற்ற அப்பன் சாகக் கிடக்கும்போது மட்டும் மக்கர் பண்ணியதா? யாரிடம் காது குத்துகிறார்கள்?

அப்பா தவசிமுத்து அந்த வண்டியில் நோயாளியை ஏற்றவே மாட்டார். "வழியில உசிரு போச்சுன்னா பொணம் ஏறுன வண்டின்னு பேராயிரும். பொறவு கல்யாணத்துக்கு எவன் கூப்பிடுவான்? விக்கப் போனா பாதி வெலைக்குக் கேப்பான்" என்பார். இது சோணைமுத்துவுக்கும் தெரியும். வண்டியை விற்றுக் கடை வைக்க வேண்டும் என்று ஆறு மாதமாக அப்பாவைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். அவன் ஏற்பாட்டில், அட்வான்ஸ் கொடுக்க நாளைக்கு ஆள் வருவதாக இருந்தது. விலை போய்விடும் என்று அப்பாவை ஏற்றாமல் விட்டானோ? அது மட்டும் நிஜமானால், கொள்ளி வைக்க இவன் கை ஆகாது என்று ஊர் முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

நாளைக்கு வரவேண்டிய ஆள் இன்றைக்கே வந்து நின்றார். ராஜபாளையம் சாகுல் ஹமீது. பழைய கார் வாங்கி விற்பவர். கையில் மாலை. மாலை போட வந்தாரா, வண்டியைப் பார்க்க வந்தாரா? அவர் மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் இசக்கியம்மாள் பின்னாலேயே போனாள். காலையில் அண்ணன் திருகிவிட்டுப் போட்ட சாவி அவள் கையில் இருந்தது.

"பாய், இந்த வண்டிய ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன தாயி. போன மாசம் சொல்லாமக் கொள்ளாம வந்து மொத வேலையா பானட்டத் தொட்டுப் பாத்தேன். விக்கிறவன் காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வச்சிருவான். சூடான டீசல் வண்டி எதுவும் ஸ்டார்ட் ஆயிரும். ஆறிப்போய்ப் பச்சையா நிக்கிறது ஒரே திருகல்ல வருதான்னுதான் பாக்கணும். இது வந்துச்சு. சைலன்சர்ல வெள்ளைக் கைக்குட்டையப் பிடிச்சேன், கரி அப்பல. ஒங்கண்ணன் அறுவதாயிரம் கேட்டான், நான் அம்பத்தாறு சொன்னேன்."

"எங்கண்ணன் இது ஸ்டார்ட் ஆகலங்கான். அது நெசமா பொய்யா? நீங்க பாத்துச் சொல்லுங்க."

சாகுல் ஹமீது அவள் முகத்தைப் பார்த்தார். சாவியை வாங்கி, ஏறி உட்கார்ந்து திருப்பினார். எஞ்சின் இரண்டு முனகல் முனகிவிட்டு அடங்கியது.

"பேட்டரியில உசிரு இல்ல. ரொம்ப நேரம் திருகியிருக்கான்."

"அது ஊர் கேக்கத் திருகுனதா இருக்கும்."

"தள்ளிப் பாப்போம்."

அதைக் கேட்டதும் சோணைமுத்து எழுந்து வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பந்தல்காரர்கள் நாலு பேரோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்று, டிக்கியில் கை வைத்துக் குனிந்துகொண்டான். தெருக்கோடி வரை தள்ளினார்கள். வண்டி குலுங்கியதே தவிர உறுமவில்லை. சாகுல் ஹமீது இறங்கி பானட்டைத் தூக்கினார். தூக்கிய பானட் பின்னால் நின்றவர்களை மறைத்துவிட்டது. முன்னால் அவரும், கூடவே நடந்து வந்த இசக்கியம்மாளும் மட்டும்.

குனிந்து பார்த்தவர் டீசல் பம்பைக் காட்டினார்.

"இது யாரு பாத்த வேல?"

டீசல் பம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. எஞ்சினை நிறுத்த வேண்டுமானால், உள்ளேயிருந்து ஒரு கம்பியை இழுப்பார்கள். அந்த நெம்புகோல் திரும்பி டீசல் நின்றுவிடும். இப்போது அதைத் திருப்பி, பக்கத்துக் குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. நாள் முழுக்கத் திருகினாலும் ஒரு சொட்டு டீசல் போகாது. உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியவும் தெரியாது.

கட்டியிருந்தது ஜிகினா நூல். கல்யாண மாலையில் சுற்றி வருகிற தங்க நிற ஜிகினா.

இசக்கியம்மாள் நூலைத் தொட்டுப் பார்த்தாள். வண்டியில் மிஞ்சுகிற ஜிகினாவை அப்பா வீணாக்கவே மாட்டார். காலொடிந்த மூக்குக் கண்ணாடியை அதில்தான் கட்டியிருந்தார்; அந்தக் கண்ணாடி இப்போதும் அவர் தலைமாட்டில் இருந்தது.

போன வாரம் வந்திருந்தபோது, "எப்பா, அண்ணன் கைக்குச் சாவி போச்சுன்னா ஒங்களுக்குத் தெரியாம வண்டிய வித்துருவான், பாத்துக்கோங்க" என்று ஓதிவிட்டுப் போனவள் அவள்தான். அவர் சிரித்தார். "ஏட்டி, சாவி மட்டும் இருந்தாப் போதுமா? நான் நெனைச்சாத்தான் அது கெளம்பும்." அப்போது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"அப்பா கட்டுனது" என்றாள்.

சாகுல் ஹமீது முடிச்சை அவிழ்த்து நூலை அவள் உள்ளங்கையில் வைத்தார். நெம்புகோல் தன்னாலே பழைய இடத்துக்குத் திரும்பியது.

"பாய், இத எங்கண்ணன்ட்ட சொல்லிராதிய. ஒரு நூல அவுத்திருந்தா அப்பா பொழைச்சிருப்பாகன்னு தெரிஞ்சா, அவன் உசிரோட இருக்க மாட்டான்."

"நூல்தான்னு சொன்னா வண்டி மேல குத்தமில்ல, வெல நிக்கும். சொல்லலைன்னா காலை வாரிவிட்ட வண்டின்னு ஊரே பேசும். ஏழெட்டாயிரம் எறங்கிரும் தாயி."

"எறங்கட்டும்."

அவர் பானட்டை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார். "தள்ளுங்கப்பா" என்றார். பத்தடி உருளுவதற்குள் வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது.

சோணைமுத்து ஓடிவந்தான். "எப்படி பாய்? நானும் இந்தத் திருகு திருகினேனே. எப்படி பாய் இப்ப ஸ்டார்ட் ஆச்சு?"

"பம்புல காத்து ஏறியிருந்துச்சு தம்பி. எடுத்துவிட்டேன். அதெல்லாம் ஒத்தையில திருகுனா வராது. நீ என்ன செய்வ."

சோணைமுத்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு, காலையிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். தெருவில் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம், "பம்பு கோளாறாம்லா" என்றார்.

வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டுப் பக்கம் ஓரம் கட்டியதும் இசக்கியம்மாள் பின் கதவைத் திறந்தாள். சீட்டில் ஆள் படுக்கிற மாதிரி வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. தலை வைக்கிற பக்கம் அண்ணனுடைய தலையணை. கீழே ஒரு செம்பு, தண்ணீர் தளும்பாமல் தட்டு போட்டு மூடியிருந்தது.

வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர், "கொள்ளிச் சட்டி தூக்குறது யாரு, மகன்தான?" என்று கேட்கும் சத்தம் வந்தது.

"எங்கண்ணன்தான்" என்றாள், வண்டிக்குள் குனிந்தபடியே.

ஜிகினா நூலைத் தலையணை உறைக்குள் திணித்தாள். தலையணையை இடுக்கிக்கொண்டு, செம்புத் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து நடந்தாள்.