எருமைக்குப் பதில் ஒரு பெட்டி

என் கணவரின் பழைய ஸ்பீக்கர் பெட்டிக்கு எருமை என்று பெயர் வைத்தது என் கொழுந்தன். கறுப்பு. என் தோள் உயரம். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. கணவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர், கொழுந்தன் டிரம்ஸ். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எருமையை மாடியிலிருந்து இறக்கி வேனில் ஏற்றுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மறுபடி மாடிக்கு ஏற்றுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முனகலைக் கேட்டுப் பழகியிருந்தேன்.

அந்த வருடம் வேறு எதற்கோ அவருக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. டாக்டர் படத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"வெடிக்கிறதுக்குள்ள சரி பண்ணிடலாம். ஆபரேஷன் தேதி வரைக்கும் கனமா எதையும் தூக்கக் கூடாது. மூச்சைப் பிடிச்சு முக்கக் கூடாது."

"வாசிக்கலாமா?" என்றார் இவர்.

"வாசிங்க. தூக்காதீங்க."

"சத்தம் டாக்டர்?" என்று நான் கேட்டேன். "இவர் வாசிச்சா தரையே அதிரும். உள்ள இருக்கிறது அதிராதா?"

டாக்டர் சிரித்தார். "சத்தத்தால ஒண்ணும் ஆகாதும்மா."

படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் எருமைக்கு எதிரில் நின்று, அந்தத் தடித்த கம்பி தன் தொப்புளுக்குப் பின்னால் உறுமுவதை அவர் உணர்ந்ததில்லை. நான் உணர்ந்திருக்கிறேன்.

அடுத்த நிகழ்ச்சி நாளன்று வேலையிலிருந்து திரும்பினேன். மாடிப்படித் திருப்பத்தில் எருமை சாய்ந்து நின்றது. கீழ் முனையில் கொழுந்தன். மேல் முனையில் இவர், கழுத்து நரம்பு புடைக்க, உதட்டைக் கடித்தபடி. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் திடுக்கிடுவார், திடுக்கிட்டால் மூச்சைப் பிடிப்பார். வாயைப் பொத்திக்கொண்டு, அது தரையைத் தொடும்வரை சுவரோடு சுவராக நின்றேன்.

"தூக்கல. சும்மா பிடிச்சுக்கிட்டுதான் வந்தேன்," என்றார்.

"வேன் டிரைவர் வரட்டும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் அண்ணி," என்றான் கொழுந்தன். "கேட்டாத்தானே? உங்களை விட்டாலும் விடுவார், எருமைய விட மாட்டார்."

"லேசா ஒரு பெட்டி வாங்கிக்கலாம்," என்றேன்.

"லேசான பெட்டி இவன் டிரம்ஸுக்கு முன்னாடி நிக்குமா? பேஸ் கேக்கலேன்னா மேடையில நான் எதுக்கு, பூந்தொட்டியா? சரி, வந்து பாக்கறேன். சத்தம் இருந்தா வாங்கலாம். இல்லேன்னா எருமைதான்."

கொழுந்தனுக்கு வேறு வேலை இருந்ததால் கடைக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். தெருவே வாத்தியக் கடைகள், தையல் கடைகள், மருந்துக் கடைகள் என்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கடைக்காரர், கைப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"மூர்த்தி சிறிசு, கீர்த்தி பெரிசு சார். உள்ள இருக்கிற காந்தம் புது மாதிரி, எடையே இல்ல. பலகையும் மெல்லிசு."

நான் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். வந்தது. வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. பக்கத்திலிருந்த இன்னொன்றையும் தூக்கினேன். இரண்டு கையும் இடுப்பும் கேட்டது. அதை வாங்கினால் என்றைக்காவது ஒரு படியில் இவர் கை கொடுப்பார்.

இவர் சின்னதில் கிட்டாரை இணைத்து ஒரு தட்டுத் தட்டினார். கடையின் கண்ணாடிக் கதவு ஙொய் என்றது. என் வயிறும் அதிர்ந்தது. இவர் சட்டையின் கீழ்ப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல."

"கிட்ட நின்னு கேட்டா பேஸ் புரியாது. தள்ளிப் போனாத்தான் அது எப்பேர்ப்பட்டதுன்னு தெரியும்."

"சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லுங்க," என்றார் கடைக்காரர்.

வழக்கமாகத் தம்பி கம்பியைத் தட்ட, இவர் நடந்து போய்க் கேட்பார். அன்று கிட்டார் என் தோளில் ஏறியது.

"இந்தத் தடிச்ச கம்பிய மட்டும் தட்டு. ஒரே சீரா. நான் வர்ற வரைக்கும் நிறுத்தாத. எங்க சத்தம் நிக்குதோ அதுதான் இதோட எல்லை. தெருமுனையத் தாண்டலேன்னா இது நமக்கு வேணாம்."

போய்விட்டார். கடைக்காரர் வேறொரு வயரைத் தேடி உள்ளே போனார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அந்த ஸ்கேனுக்குப் பிறகு வெளியிடத்தில் அவரைக் கண்ணை விட்டு அகல விட்டதில்லை. இப்போது வாசலில் யார் யாரோ போனார்கள், அவர் இல்லை. எங்கேயாவது சுருண்டு விழுந்திருந்தால் எனக்கு யார் வந்து சொல்வார்கள்? போய்ப் பார்க்கலாம் என்றால் கம்பி நிற்கும். நின்றால் அதுதான் பெட்டியின் எல்லை என்று முடிவு கட்டிவிடுவார். அப்புறம் எருமைதான். விரல் எரிந்தது. தட்டினேன்.

வெளியே தடாலென்று ஏதோ விழுந்தது. "பிடி! பிடி!" என்று கூச்சல். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். லாரியிலிருந்து இறக்கிய இரும்பு பீரோ ஒன்று நழுவிக் கிடந்தது. சுற்றி நின்றவர்களில் அவர் இல்லை. தெருமுனையில், ஒரு சுவரில் சாய்ந்து, கண் மூடி, தலை தொங்க நின்றிருந்தார்.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. சட்டையைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தார்.

"என்ன? கவனமா கேட்டுக்கிட்டு இருக்கேன். இங்க வரைக்கும்தான் வருது. இப்பத்தான் செத்துப் போச்சு."

"நான் நிறுத்திட்டேங்க. அதான்."

"நீ ஏன் நிறுத்தப் போற?"

"பயந்துட்டேன்."

"நீ அந்தப் பெட்டிக்கு வக்கீலு. உன் சாட்சி செல்லாது."

கடைக்குத் திரும்பியதும், "இப்ப நீங்க தட்டுங்க, நான் போய்க் கேக்கறேன்," என்றேன். "கேக்கலேன்னாலும் கேக்குதுன்னுதான் சொல்லுவ," என்று முனகினார். ஆனாலும் கிட்டாரை மாட்டிக்கொண்டார்.

நடந்தேன். பீரோவைத் தாண்டி, தையல் கடையைத் தாண்டி. ஒவ்வொரு அடியாக அந்தச் சத்தம் என் முதுகில் வந்து இடித்தது. ஒவ்வொன்றும் அவர் நின்றுகொண்டிருக்கிறார், கை அசைகிறது என்று எனக்குச் சொன்னது. தெருமுனையைத் தாண்டியும் வந்தது. காதைவிட நெஞ்சில்தான் கேட்டது. இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து இத்தனை தூரமா என்று நின்றேன்.

சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த அடிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. பெட்டியின் எல்லை என்றால் தேய்ந்து தேய்ந்து போயிருக்கும். இது வெட்டினதுபோல நின்றிருந்தது. ஓடினேன். யார் மேலோ மோதினேன், யாரோ திட்டினார்கள்.

கடைக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி, ஒரு சிரிப்போடு.

"எது வரைக்கும் கேட்டுச்சு? வேணும்னேதான் நிறுத்தினேன். நிறுத்தின அப்புறமும் கேக்குதுன்னு வந்து சொல்றியான்னு பாக்கத்தான்."

அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு காலில் செருப்பு இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதுவரை என் பயத்தை அவருக்குக் காட்டாமல் சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே வைத்திருந்தேன்.

"இதையே குடுங்க," என்றார் கடைக்காரரிடம்.

"இன்னொண்ணக் கேக்கலியே சார்? இதுவே எது வரைக்கும் கேட்டுச்சுன்னு அம்மா சொல்லவே இல்லியே?"

"சொல்லிட்டா."

பெட்டியை நானே தூக்கிக்கொண்டேன். "மடியில கனமில்லேன்னா வழியில பயமில்லம்மா," என்று கடைக்காரர் வழியனுப்பினார். சொல்வது சுலபம். வழியில் என் செருப்பைப் பார்த்துவிட்டு இவர் எடுக்கக் குனிய, "குனியாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே திரும்பியது.

"செருப்புகூடவா?" என்றார்.

"செருப்புகூடத்தான்."

அதன் பிறகு எருமையை அவர் தொடவில்லை. புதுப் பெட்டியைக் கொழுந்தன் ஒரு விரலில் தொங்கவிட்டு, "எருமைக்குப் பொறந்த கன்னுக்குட்டி அண்ணே. தொண்டை மட்டும் அப்படியே அம்மாவுது," என்றான். சில மேடைகள் ஏறியது. நான் கூடத்தின் கடைசிச் சுவரோரம் நின்று கேட்பேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மூச்சு விட மாட்டேன்.

ஆபரேஷன் தேதி வந்தது. உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. மயக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கனத்தால் இல்லை, சத்தத்தாலும் இல்லை. நான் காவல் காத்த எந்த வாசல் வழியாகவும் அது வரவில்லை.

பெட்டி இப்போது கொழுந்தனிடம் இருக்கிறது. எதிர் வீடுதான். அங்கே ஒத்திகையில் அவர் இடத்தில் ஒரு பெண் பேஸ் வாசிக்கிறாள். நன்றாகவே வாசிக்கிறாள், ஜன்னலை மூடினாலும் கேட்கிறது. சில நாள் பாட்டின் நடுவில் சட்டென்று நிற்கும். கம்பியை முறுக்குகிறாள், தண்ணீர் குடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். மறுபடி ஆரம்பிக்கும்வரை உள்ளே போகக் கால் வருவதில்லை.