ஒத்திகைக்கு ஒரு நோயாளி

பொம்மை வரவில்லை. தீயணைப்பு நிலையத்தில் ஆள் உயர ரப்பர் பொம்மை ஒன்று உண்டு. ஆம்புலன்ஸ் ஒத்திகைக்கு அதைத்தான் நோயாளியாக எங்கள் வீட்டுக் கட்டிலில் படுக்க வைப்பதாக ஏற்பாடு. காலையில் எடுக்கப் போன வீரர் வெறுங்கையோடு திரும்பினார். போன வாரம் மாடியிலிருந்து கயிற்றில் இறக்கிக் காட்டியபோது அதன் தோள் கழன்றுவிட்டதாம்.

"பொம்மை மெடிக்கல் லீவு சார்," என்றார் நகராட்சி அதிகாரியிடம்.

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. "நாலு ஆபீஸ் ஆளுங்களை ஒரே தெருவுல ஒண்ணா நிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான்யா தெரியும். பொம்மை இல்லேன்னு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பவா? யாரையாவது படுக்க வைங்க."

என் மனைவி இறந்தது அந்தக் கட்டிலில் அல்ல. அங்கிருந்துதான் புறப்பட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஆஸ்துமா. அன்று மதியம் இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் குடிநீர் வாரியம் குழாய்க்காகப் பள்ளம் தோண்டியிருந்தது. அடுத்த தெருவில் நகராட்சி ஜல்லி கொட்டியிருந்தது. பின்சந்தில் மின்வாரியம் கம்பம் மாற்றிக்கொண்டிருந்தது. எல்லாரும் முறைப்படி அனுமதி வாங்கித்தான் செய்தார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எதுவுமே தெரியாது. வண்டி எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. சைரன் சத்தம் ஒருமுறை கிழக்கிலிருந்து வந்தது, ஒருமுறை மேற்கிலிருந்து. கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வண்டி. இந்தப் பக்கம் நாங்கள். தோண்டிய மண் குவியலின்மேல் அவளை உட்கார வைத்தேன். ஈரமண். புடவை அழுக்காகிறதே என்று அவள் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அலுவலகங்கள் கூடிப் பேசின. இனிமேல் யார் எந்தத் தெருவைத் தோண்டினாலும் முந்தின நாளே ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் இரும்புத் தகடும், அதைத் தூக்கிப் போட ஆட்களும் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டம்மா போயும் நமக்கு நல்லது பண்ணிட்டுப் போயிருக்காங்க தம்பி," என்றார். நான் தலையாட்டினேன். ஒத்திகையை எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாமா என்று அதிகாரி கேட்டபோதும் தலையாட்டினேன்.

வீட்டில் நானும் அத்தையும்தான். என் மாமியார். மகள் போன பிறகும் இங்கேயே இருக்கிறார். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போக அவருக்குக் கால் வரவில்லை. தண்ணீர் வந்ததா, காஸ் தீர்ந்ததா என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை. ஒருமுறை மட்டும், துணி மடித்துக்கொண்டே அத்தை சொன்னார்: "மாப்பிள்ளை, வண்டி நேரத்துக்கு வந்திருந்தா அவ இருந்திருப்பாளா? எல்லாரும் விதி விதிங்கிறாங்க. விதியா பள்ளமான்னு எனக்குத் தெரியணும்."

எனக்குத் தெரிய வேண்டாம். விதி என்று நினைத்தால்தான் வேலைக்குப் போக முடிகிறது.

இப்போது அத்தை அடுக்களையிலிருந்து வந்து, "நான் படுக்கிறேன்," என்றார்.

"அம்மா, உங்களைப் போய்..." என்று அதிகாரி இழுத்தார்.

"பொம்மையைவிட நான் கனம் கம்மிதான்."

தையல்காரம்மா வாசலிலிருந்து கத்தினார். "அக்கா, உங்களுக்கென்ன கிறுக்கா? படுக்கிற இடமா அது?"

"நீ போய் உன் மிஷினை மிதி. எனக்குப் பார்க்கணும்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் தடுப்பேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் தலையணையை எடுத்துச் சரியாக வைத்தேன்.

அவர் மகள் படுக்கும் பக்கமாகப் படுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதிகாரி கைகாட்டினார். போனில் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் குரல் வந்தது.

"நோயாளிக்கு என்ன வயசு சார்?"

"இருபத்தொம்பது."

அதிகாரி என் தோளைத் தொட்டு, "அம்மா வயசைச் சொல்லுங்க," என்று கிசுகிசுத்தார். எனக்கு அத்தையின் வயது தெரியாது.

"மூச்சு விடுறாங்களா?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இழுப்பு, இடையில் ஒரு விக்கல் போன்ற நிறுத்தம், பிறகு மெல்லிய விசில். அத்தை தன் மகளைப் போலவே இழுத்துக்கொண்டிருந்தார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிறந்த நாளிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. ஓர் இடம் பிசகவில்லை. அதிகாரி பயந்துபோய், "அம்மாவுக்கு நிஜமாவே ஏதாவது...?" என்றார்.

"விடுறாங்க," என்றேன் போனில். "சீக்கிரம் வாங்க."

சைரன் ஒரே திசையிலிருந்து வந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். குடிநீர் வாரியத்து ஆட்கள் பள்ளத்தின்மேல் தகட்டை இழுத்துப் போட்டார்கள். மின்வாரியத்துக்காரர் தாழ்ந்திருந்த கம்பியைக் கழியால் உயர்த்திப் பிடித்தார். வண்டி தகட்டின்மேல் டமடமவென்று ஏறி இறங்கி எங்கள் வாசலில் நின்றது. அவ்வளவுதான். அவ்வளவு சுலபம். நான் இன்னும் போனைக் கீழே வைக்கவில்லை.

அன்றைக்கு வந்த அதே ஓட்டுநர். என்னைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி.

வண்டிக்குள் அத்தையின் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டினார்கள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முகமூடி மாட்டியதும் இழுப்பு நின்றது. சீராக மூச்சு விட்டார். கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க வேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் தீயணைப்பு அதிகாரி கடிகாரத்தை நிறுத்தி, நேரத்தைச் சத்தமாகச் சொன்னார். ஜீப்பில் பின்னாலேயே வந்திருந்த எல்லாரும் கைதட்டினார்கள். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த எண் இன்றுவரை எனக்கு நினைவில் இல்லை.

"முடிஞ்சிதும்மா, எழுந்துக்கலாம்," என்றார் அவசரப் பிரிவு டாக்டர். இளம்பெண். அன்றும் பணியில் இருந்தவர். என் மனைவியைவிட ஒன்றிரண்டு வயது பெரியவராக இருக்கலாம்.

அத்தை ஸ்ட்ரெச்சரிலிருந்து எழவில்லை. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

"டாக்டரம்மா, என் பொண்ணை இந்நேரத்துக்குக் கொண்டு வந்திருந்தா?"

கைதட்டல் நின்றது. டாக்டர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் அதைக் கவனித்தார். பிறகு குனிந்து, அத்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினார்.

"பிழைச்சிருப்பாங்கம்மா."

"நிச்சயமா?"

"அனேகமா நிச்சயமா."

அத்தை "சரி" என்றார். கடைக்காரர் விலை சொன்னதும் சொல்வது போன்ற சரி. நகராட்சி அதிகாரி தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிநீர் வாரியத்துக்காரர் கேட்டுக்கு வெளியே போய்விட்டார்.

பின்னால் இன்னொரு சைரன். இது ஒத்திகை இல்லை. யாரோ ஒரு கிழவர், நெஞ்சைப் பிடித்தபடி. அவர் மகள் கூடவே, ஒரு காலில் மட்டும் செருப்போடு. "ஸ்ட்ரெச்சர்! ஸ்ட்ரெச்சர்!" என்று கத்தினார்கள். அத்தை சட்டென்று இறங்கினார். விரிப்பில் தன் உடம்பு பதிந்திருந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டு நகர்ந்தார். கிழவரைக் கிடத்தி உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"போகலாம் அத்தை," என்றேன்.

"நீங்க போங்க மாப்பிள்ளை. நான் இவரைப் பார்த்துட்டு வரேன்."

"தெரிஞ்சவரா?"

அத்தை அவசரப் பிரிவை நோக்கி நடந்தார். மூடிய கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து நின்றார். உள்ளே குளிர்பதனம். அத்தையின் மூச்சு கண்ணாடியில் வட்டமாகப் படிந்தது. சுருங்கி மறைந்தது. மறுபடி படிந்தது.