நடுப்பெட்டியில் திரவம்

2018 செப்டம்பர் 12, புதன்கிழமை காலை, அறிவியல் அருங்காட்சியகத்தின் இரண்டாம் தளத்தில், பொருளின் மூன்று நிலைகளைக் காட்டும் மூன்று கண்ணாடிப் பெட்டிகளில் நடுப்பெட்டி உறைந்திருந்தது.

பெட்டிக்குள் இருந்தவை நீல நிற பிளாஸ்டிக் குண்டுகள்தாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு குண்டு நுழையும் சந்து. அடியில் மோட்டார் அதிர, குண்டுகள் மூலக்கூறுகளாக நடிக்கும். இடப்பெட்டியில் திடப்பொருள்: வரிசை குலையாமல் நின்ற இடத்திலேயே நடுங்கும். வலப்பெட்டியில் வாயு: பத்துப் பதினைந்து குண்டுகள் பெட்டி முழுக்கப் பறந்து திரியும். நடுவில் திரவம்: நெருக்கியடித்துக்கொண்டே ஒன்றையொன்று தாண்டி நழுவ வேண்டும். முதல் நாள் நழுவத்தான் செய்தன. விடிய விடிய ஓடவிட்டதில் தேன்கூடு போல அடுக்காக நின்றுவிட்டன.

பெட்டிகளைச் செய்தவரை அங்கே எல்லோரும் அண்ணி என்றார்கள். மோட்டார் வேலை பார்க்கும் கொழுந்தன் அப்படிக் கூப்பிடப் போய், காவலாளிக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. கடைகளுக்கு அலமாரி செய்துகொண்டிருந்த குடும்பப் பட்டறைக்கு இந்த வேலையைப் பிடித்து வந்தவர் அவர். திங்கட்கிழமை திறப்பு. அதற்குள் நடுப்பெட்டி ஓடாவிட்டால் அந்த இடத்தில் படம் ஒட்டிவிட்டு, அடுத்த அறையின் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடப் போவதாக அருங்காட்சியகக் காப்பாட்சியர் சொல்லியிருந்தார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அண்ணியை உறுத்தியது.

கொழுந்தன் மோட்டாரின் வேகத்தைக் கூட்டினான். குண்டுகள் பெட்டியின் உச்சிவரை துள்ளின.

"அண்ணி, உங்க தண்ணி கொதிச்சிடுச்சு."

"முதல்ல மூடியப் போடு. அப்படியே உன் வாய்க்கும் ஒண்ணு போடு."

அடுத்து அண்ணி மூன்றில் ஒரு பங்கு குண்டுகளை அள்ளி வெளியே எடுத்தார். இடம் கிடைத்ததும் மீதி ஜோராக ஓடின. காப்பாட்சியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பல புத்தகங்களில் இப்படித்தான் படம் போடுகிறார்கள், அது தப்பு என்றார். திரவத்திலும் மூலக்கூறுகள் கிட்டத்தட்ட திடப்பொருளில் இருப்பது போல நெருங்கித்தான் இருக்குமாம்.

"கூட்டம் அப்படியே இருக்கணும். வரிசை மட்டும் இருக்கக் கூடாது."

"கடைசி பஸ் மாதிரி," என்றான் கொழுந்தன். காப்பாட்சியர் சிரிக்காமல் தலையாட்டினார்.

எடுத்ததைத் திரும்பக் கொட்டினார்கள். மறுநாள் மறுபடி தேன்கூடு. கொழுந்தன் சாப்பிடப் போய்விட்டான். அண்ணி கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தார். பெட்டி முழுக்க அடுக்காக இருக்க, ஒரு மூலை மட்டும் கலைந்தே கிடந்தது. திறந்து துழாவினால், அங்கே ஒரு குண்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிது. சலிக்கும்போது தப்பியது.

சலித்தது அவரேதான். மூட்டையில் சின்னதும் பெரிதுமாக வந்த குண்டுகளைத் துளையிட்ட தகட்டில் போட்டு, ஒரே அளவானவற்றை மட்டும் பொறுக்கியிருந்தார், வேலை சுத்தமாக இருக்கட்டுமென்று. ஒரே அளவாக இருந்ததால்தான் அவை ஒன்றுக்கொன்று பாந்தமாகப் பொருந்தி உட்கார்ந்துகொண்டன.

கொழுந்தன் திரும்பி வந்தபோது, கழித்த குண்டுகளில் சந்தில் நுழையக்கூடியவற்றைப் பெட்டிக்குள் கலந்துகொண்டிருந்தார்.

"பொறுக்க ரெண்டு நாள், கலக்க ரெண்டு நிமிஷம். அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. அந்த ரெண்டு நாளும் நீ தூங்கினதையும் சேர்த்துச் சொல்லு."

ஞாயிறு வரை மோட்டாரை நிறுத்தவில்லை. குண்டுகள் அடுக்கிக்கொள்ளவும் இல்லை. காப்பாட்சியர் வந்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கு இன்னும் ஒரு குறை இருந்தது: உண்மையான தண்ணீரில் மூலக்கூறுகள் ஒரே அளவு, இங்கே அப்படி இல்லை, பார்க்கிற பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். படமே ஒட்டிவிடலாமா என்று யோசித்தார்.

"அதையும் பலகையில எழுதிடுங்க," என்றார் அண்ணி. "தண்ணியில எல்லாம் ஒரே அளவு, இங்க ஓட வைக்கிறதுக்காகக் கலந்திருக்கோம்னு. மறைக்க என்ன இருக்கு?"

காப்பாட்சியர் பேனா கேட்டார்.

திங்கட்கிழமை மூன்று பெட்டிகளும் ஓடின. நடுப்பெட்டியின் பலகையில் அந்த வரி இருந்தது. அடுத்த அறை, ஒலியைப் பற்றியது, அதே பட்டறைக்குக் கிடைத்தது.