எலுமிச்சை மரத்தடியில் நின்ற வண்டி

மூன்று வாரமாக அருள்புரத்தில் என்னை எல்லோரும் நல்லவன் என்கிறார்கள். பங்கு பிரித்துக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தும், தங்கச்சியின் அலறல் கேட்டதும் ஆறடிச் சுவரை ஏறிக் குதித்த மனுசன் என்று பேக்கரியில் நின்று டீ குடிப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இந்தப் பெயர் புதிது. என் நிட்டிங் யூனிட்டில் நான் உள்ளே நுழைந்தால் பீகார் பையன்கள் ஹிந்தியில் ஏதோ ஒரு வார்த்தை சொல்லி ஒருவரையொருவர் உஷார்ப்படுத்திக்கொள்வார்கள். மகுடேஸ்வரன் என்றால் அப்படித்தான் என்று நானும் அதைப் பெருமையாகவே வைத்திருந்தேன்.

அன்றைக்குச் செத்துப்போனவர் என் தங்கை மயிலாளின் புருஷன், அர்த்தநாரி. ஊத்துக்குளிக்காரர். நிட்டிங் மெஷின் ஃபிட்டர். எந்த மெஷின் எந்த இடத்தில் மக்கர் செய்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கல்யாணமான ஐந்தாம் வருஷம் இருவரும் எங்கள் தோட்டத்திலேயே என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் அரை ஏக்கர். பதினெட்டுத் தென்னை, ஒரு எலுமிச்சை, மிச்சமெல்லாம் காய்ந்த புல்.

கொரோனாவில் யூனிட் எல்லாம் பூட்டிக்கிடந்தபோதுதான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. தோட்டத்தில் ரயில் விடப்போகிறேன் என்றார். பெரிய ரயில் மாதிரி அகலமான பாதை அல்ல, கரும்பாலையிலும் சுரங்கத்திலும் ஒரு காலத்தில் ஓடிய இரண்டடி அகலக் குறும்பாதை. அதில் பத்தொன்பதில் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே முப்பத்திரண்டு மில்லிமீட்டர், ஒரு நூல் அதிகம் இருக்கக் கூடாது, குறையவும் கூடாது. கிறுக்கு என்று திட்டிக்கொண்டே நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேறு வேலை என்ன இருந்தது?

சரக்கு வந்து இறங்கிய மரப் பலகைகளை அறுத்துக் குறுக்குக் கட்டை செய்தோம். ஆயிரத்து நானூறு கட்டை. நான் அறுத்தது பாதி. கிரஷரில் இருந்து சிப்ஸ் ஜல்லி வாங்கி அடியில் கொட்டி, ஈரச் சாக்கால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினோம். பழைய காலர் மெஷினில் கழற்றிய மோட்டாரை வைத்து என்ஜின் செய்தார். பின்னால் மூன்று பெட்டி. கையில் ஒரு ரிமோட். அதில் ஒரு ஸ்பிரிங் வைத்த விசை, விரலால் அழுத்திப் பிடித்திருக்கும்வரை வண்டி ஓடும், எடுத்தால் நின்றுவிடும். தையல் மெஷின் பெடலில் இருந்து காலை எடுத்த மாதிரி. தறிகெட்டு ஓடக் கூடாது பாருங்க மச்சான், என்பார்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. தென்னைக்குப் பாய்ச்சினால் தண்டவாளத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். தினமும் நாலரை மணிக்கு ஆளுக்கொரு கை பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து துடைத்துக்கொண்டே போவோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஐந்து மணிக்கு வண்டி கிளம்பும். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிஷம். என் வாழ்க்கையில் நான் யார் மேலும் எரிந்து விழாத நேரம் அது ஒன்றுதான்.

அப்பா போன பிறகு மயிலாள் தன் பங்கைக் கேட்டாள். சட்டப்படி கேட்டாள், தப்பில்லை. எனக்கு அது தலைக்கேறிவிட்டது. சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் அர்த்தநாரியைக் காட்டி, ஊட்டோட மாப்பிள்ளையா வந்து ஒட்டிக்கிட்டவனுக்குத் தோட்டம் வேற கேக்குதா என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். மயிலாள் சிரிக்கவில்லை. அண்ணன் வாயால் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் அந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று எழுந்து போனாள். நானும் விடுகிற ஆளில்லை. பிரித்துக் கொடுத்த மறு வாரமே நடுவில் ஹாலோபிளாக் சுவர் எழுப்பினேன்.

எல்லைக் கோட்டை அப்படிப் போட்டதில் ரயில் பாதையில் மூன்றில் ஒரு பங்கு என் பக்கம் வந்தது. தண்டவாளத்தின் மேலேயே கல்லை வை என்றேன். கொத்தனார் சந்தனம் தெற்கத்திக்காரர், அருள்புரத்தில் லைன் வீட்டில் இருப்பவர். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரயிலு வருமே அண்ணாச்சி, ரெண்டு பொந்து விட்டுருவோம்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அவர் இரண்டு பொந்து விட்டே கட்டினார்.

அன்றிலிருந்து மூன்று வருஷம், தினமும் ஐந்து மணிக்கு அந்தப் பொந்து வழியாக வண்டி என் பக்கம் வந்தது, எலுமிச்சையைச் சுற்றிக்கொண்டு அடுத்த பொந்து வழியாகப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பது தெரியாது. வண்டி மட்டும்தான் தெரியும். என் பக்கத்துத் தண்டவாளத்தில் உப்புப் பூத்தால் வண்டி தடுமாறும். யாரும் பார்க்காத நேரம் பார்த்து, மத்தியான வெயிலில் போய்த் துடைத்து வைத்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும். துடைக்காமல் மூன்று வருஷம் எந்த வண்டி ஓடும்?

இந்தச் சித்திரையில் அவர்கள் மகள் ஜனனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வைகாசியில் முகூர்த்தம். தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு சீரும் நடக்காது. குலதெய்வத்துக்கு வைத்த கையோடு அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுக்க வேண்டும். வரட்டும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஏங்கிக் காத்திருந்தேன். அவர்கள் வாசலில் வந்து நின்றால் போதும், அந்த வார்த்தையை நானே திரும்ப எடுத்துக்கொள்வது என்றுகூட மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். மேலே விழுந்து சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை வண்டி வந்து எலுமிச்சை மரத்தடியில் நின்றது. முதல் பெட்டியில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அதன் மேல் இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப் பாக்கு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊருக்கெல்லாம் காரில் போய் வைக்கிறவர்கள், கூடப் பிறந்தவனுக்குப் பொம்மை ரயிலில் அனுப்புகிறார்கள். சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "தாய்மாமனுக்குப் பத்திரிக வெக்கற மொற தெரியலீன்னா, தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க."

கொஞ்ச நேரம் கழித்து வண்டி பத்திரிகையைச் சுமந்துகொண்டு மெதுவாகப் பொந்துக்குள் போனது. மயிலாள் படியேற மாட்டேன் என்று வீம்பாக இருக்கிறாள், தம்பதியாக வர முடியாது, தனியாக வந்தால் முறையில்லை. அதனால் அந்த மனுசன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அனுப்பியிருக்கிறார் என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எட்டு நாள் வண்டி வந்தது, நிற்காமல் போனது. ஒன்பதாம் நாள் புதன்கிழமை. என் மனைவி கொமரலிங்கத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் டீயை வைத்துக்கொண்டு பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து பத்துக்கு வண்டி பொந்துக்குள்ளிருந்து வந்து, அதே எலுமிச்சை மரத்தடியில் நின்றது.

திரும்பவும் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். எழுந்து பத்தடி நடந்திருந்தால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும். நடக்கவில்லை. இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாது, அவர்களாக அலுத்துப்போய் வாசலுக்கு வரட்டும் என்று முடிவு செய்தேன். மச்சான் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். வரவில்லை. டீயைக் குடித்து முடித்தேன். பிறகு உள்ளே போய் டிவியைப் போட்டேன். நடுவில் இரண்டு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வண்டி நின்றுகொண்டேயிருந்தது. யாருக்கு வீம்பு அதிகம்னு பாத்துக்கலாம் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். ஜெயிக்கிற மாதிரிகூட இருந்தது.

ஆறே முக்காலுக்குத் தென்னைக்குப் போகிற மோட்டாரை நிறுத்த வெளியே வந்தேன். என்ஜினின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் பெட்டிகளைப் பார்த்தேன். மூன்றும் காலி.

காலி வண்டியை எதற்கு நிறுத்தி வைத்திருக்கிறார் என்று யோசித்தேன். யோசிக்கும்போதே ரிமோட்டில் இருக்கும் அந்த விசை நினைவுக்கு வந்தது. விரலை எடுத்தால்தான் வண்டி நிற்கும். அந்த நேரத்தில்தான் ஊத்துக்குளிக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்த மயிலாள் திரும்பி வந்து, பின்பக்கக் கதவைத் திறந்து அலறினாள்.

நான் உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முதலில் குனிந்து வண்டியைப் பிடித்து, அது வந்த பொந்தை நோக்கியே பின்னால் தள்ளினேன். மோட்டார் ஓடாமல் அதன் சக்கரம் உருளாது, தண்டவாளத்தில் கிறீச்சென்று இழுபட்டுக்கொண்டே போனது. என்ஜினும் சுவரைத் தாண்டுகிறவரை கையை உள்ளே விட்டுத் தள்ளினேன். அதற்குப் பிறகுதான் சுவரேறிக் குதித்தேன். வேட்டி கிழிந்தது, முழங்கை சிராய்த்தது. ஊர் பேசுவது அதைத்தான்.

அர்த்தநாரி நாற்காலியில் இருந்து சரிந்து தென்னைமரத்தில் சாய்ந்திருந்தார். ரிமோட் மடியில் கிடந்தது. கை இன்னும் முழுக்கச் சில்லிடவில்லை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பல்லடம் ரோட்டில் பறந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டார். தான் ஊரில் இல்லை என்றாள் மயிலாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்றேன். உயிர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், உடனே யாராவது பார்த்துக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எல்லாக் காரியத்தையும் நான்தான் முன்னால் நின்று செய்தேன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் எடுத்துப் போட்டேன். அதைத் தோளில் வாங்கிக்கொண்டு மயிலாள் என் மேல் சாய்ந்து அழுதாள். மூன்று வருஷமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அதுதான், அவள் ஒருமுறை அண்ணா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள். கேட்கிறபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. ஜனனியின் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வைத்தார்கள். மாமன் இருக்கும்போது என்ன கவலை என்று வந்தவர்கள் எல்லாம் அவளைத் தேற்றினார்கள்.

நேற்று மயிலாள் வரச்சொல்லியிருந்தாள். போனேன். ராத்திரியில் அவளுக்குத் தூக்கமில்லை என்று ஜனனி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். எத்தனை நேரம் தவித்தாரோ, யாரைக் கூப்பிட்டாரோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறாளாம். நடுச் சுவரை இடித்துவிடலாம் என்றாள். சரி என்றேன். அவர் மேல் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதுக்குங்கண்ணா இப்ப, என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அன்னிக்கு ரயிலு உங்க பக்கம் வந்துச்சுங்களா?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வரலியே அம்மிணி" என்றேன்.

அவளுக்கு ஒரு பெரிய மூச்சு வந்தது. வண்டி இந்தப் பக்கமே பொந்துக்குப் பக்கத்தில் நின்றிருந்ததாம். அப்படியானால் அன்றைக்கு நேரங்கழித்துத்தான் ஓட்ட உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்ததுமே போயிருக்கிறது, தவித்திருக்க மாட்டார், கூப்பிட்டிருக்க மாட்டார் என்று ஜனனியிடமும் சொன்னாளாம்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்கண்ணா. உங்க பக்கம் வந்து நின்னிருந்தா நீங்க சும்மா உக்காந்திருப்பீங்களா? அப்பவே செவுரேறிக் குதிச்சிருப்பீங்க."

"குதிச்சிருப்பேன் அம்மிணி" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.