பில்மாவுக்கே உப்பு கொண்டுபோனவன்

உப்பு விளையும் பாலைவன ஊரான பில்மாவில் சுமை ஏற்றிக்கொண்டு எங்கள் ஒட்டக வரிசை மேற்கே மலைநாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசி ஒட்டகம் என் மாமன் மகன் அமூமுனுடையது. காலையிலிருந்து நடந்து களைத்தவன், மதியத்துக்கு மேல் உப்புப் பாளங்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்து, முகத்துணியை இழுத்து மூடித் தூங்கிப்போனான். எங்கள் ஆட்கள் யாரும் இதைப் பெரிதுபண்ணுவதில்லை. முன்னால் போகும் ஒட்டகத்தோடு கட்டியிருப்பதால் அதுபாட்டுக்கு வரும்.

எதிரே பில்மாவுக்கு உப்பு வாங்கப் போகும் வரிசை ஒன்று வந்தது. அதை நடத்தியவர் புஹாதா. பாலைவனத்தில் யாரும் நிற்பதில்லை. நடந்தபடியே மழையையும் மேய்ச்சலையும் விசாரித்துக்கொண்டு பிரிந்தோம். அவர்களுடைய ஒட்டகங்களின் மேல் காய்ந்த புல்கட்டுகள் ஆடிக்கொண்டு போயின.

கொஞ்ச நேரம் கழித்து அமூமுனுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அறுந்த கயிறு மட்டும் மணலில் இழுபட்டு வந்தது. முன்னால் பார்த்துக் கத்தினேன். எங்கள் தலைவர் காமித் திரும்பிப் பார்த்தார்.

"நீ போய்த் தேடு. நாங்க இன்னைக்கு இங்கயே சுமையை இறக்கித் தங்கிடறோம்," என்றார். பொழுது சாய்வதற்குள் அவர் சுமை இறக்கி நான் பார்த்ததே கிடையாது.

சுமையில்லாத ஒட்டகத்தில் ஏறி வந்த வழியே விரட்டினேன். அவன் ஒட்டகத்தின் தடம் சட்டென்று திரும்பி, புஹாதாவின் வரிசைத் தடத்தோடு கலந்திருந்தது. புல் வாசனைக்குப் போயிருக்கிறது! சிரிப்பு வந்தது. வழியில் தூக்கத்தில் விழுந்திருந்தால் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

சூரியன் இறங்கும்போது அவர்களைப் பிடித்தேன். வரிசையின் கடைசியில் அவன் ஒட்டகம் முன்னால் போன ஒட்டகத்தின் புல்கட்டை மென்றுகொண்டே நடந்தது. மேலே அவன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாங்க எழுப்பலப்பா. எதுவரைக்கும் தூங்குறான்னு பாக்கத்தான்," என்றார் புஹாதா.

காலைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டான்.

"என்ன மச்சான், வெயில் முதுகுல அடிக்குது?"

"பில்மாவுல உப்புத் தட்டுப்பாடாம். நீதான் கொண்டுபோய்க் கொடுக்கணுமாம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு, புதுக் கயிற்றில் நான் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போடுவதைப் பார்த்துவிட்டான்.

"பயந்துட்டியா?"

"உப்புக்காகத்தான்," என்றேன்.

அவன் கிண்டல் செய்யவில்லை. புஹாதா கரைத்துக் கொடுத்த கம்புக் கூழில் முதல் மடக்கை எனக்கு நீட்டினான்.

மறுநாள் நாங்கள் எங்கள் வரிசைக்குத் திரும்பியதும், இனித் தூங்கிவிடாமல் இருக்கக் காமித் அவனைத் தமக்குப் பக்கத்திலேயே நடக்க வைத்தார். ஊர் வந்து சேரும்வரை அவன் விடாமல் பேசினான். காமித்தான் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.