தாடை பெருத்த மீன்கள்

தங்கையால் பொய் சொல்லாமல் இருக்கவும் முடியாது, சொன்னால் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் முடியாது. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எதிராளி மனசு நோகக் கூடாதே என்று சொல்கிற பொய்தான். ஒருமுறை அக்காவின் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துவிட்டு, கடை கடையாக ஏறி இறங்கி அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்து சத்தமில்லாமல் அலமாரியில் வைத்தாள். அக்கா அதைக் கையில் எடுத்த மாத்திரத்தில், "கனம் கம்மியா இருக்கே" என்றாள். கம்பளிச் சட்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பொம்மைச் சட்டை ஆக்கியபோதும் இதே கதைதான். அதே நிறத்தில், அதே பொத்தானோடு புதுச் சட்டை வாங்கி மடித்து வைத்தாள். "என் சட்டைக்கு இடது கை கொஞ்சம் நீளம்டி" என்றாள் அக்கா.

அக்காவிடம் இந்த வேலையெல்லாம் பலிக்காது. அவள் தையல்காரி. பழைய உடுப்பைப் பிரித்து ஆளுக்குத் தகுந்தபடி திருத்திக் கொடுப்பதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாடிக்கையாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இடுப்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது, தோளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிடுவாள். கல்யாணம் வேண்டாம் என்று தீர்மானமாக இருந்துவிட்டவள். கடை, தங்கை, அதற்கப்புறம் மீன் என்று மூன்றே பற்று அவளுக்கு. சில நாளில் மீன் ஒரு படி முன்னே போய்விடும்.

கடையின் பின்னறையில், இஸ்திரி மேஜைக்கு எதிரே, நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே வெறும் மணல். ஒரு மூலையில் மோட்டார் ஓயாமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். கோடு போட்ட மீன்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து நாள் முழுக்க நீந்தும். மேலே தீனித்தூளைத் தூவினால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு துணுக்கு மிஞ்சாது. அவை முதல்முறை குஞ்சு பொரித்தபோது, கொசு அளவே இருந்த குஞ்சுகளில் பாதியை ஒரு ஜாடியில் அள்ளித் தங்கையிடம் கொடுத்தாள் அக்கா.

"என் பேரப்பிள்ளைங்கடி. பத்திரம்."

தங்கை பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். மோட்டார் வாங்கச் சோம்பல். தொட்டி நிறையச் செடியை நட்டு, கல்லை அடுக்கி, ஆடாத அசையாத தண்ணீரில் குஞ்சுகளை விட்டாள். செடியோடு ஒட்டிக்கொண்டு நத்தைகளும் வந்து சேர்ந்தன. வந்தவை சும்மா இருக்குமா? பெருகின. கண்ணாடியில் நத்தை, கல்லில் நத்தை, இலைக்கு இலை நத்தை. பஸ் ஓட்டுகிற அவள் கணவன், "இது மீன் தொட்டியா, நத்தைப் பண்ணையா?" என்று கேலி செய்தான். வளர வளர மீன்கள்தான் அதற்கு ஒரு வழி பண்ணின. நத்தையைக் கவ்வி, வாய்க்குள்ளேயே உருட்டி, தொண்டையில் வைத்து நெரித்து, ஓட்டைத் துப்பிவிட்டுச் சதையை விழுங்கும். காதை வைத்துக் கேட்டால் டக் என்று ஒரு சத்தம். தூள் தீனியைப் போடவே தேவையில்லாமல் போயிற்று. அவளுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

அக்கா இதையெல்லாம் பார்க்கவில்லை. தங்கை வீடு மூன்றாம் மாடி; அக்காவுக்கு முழங்கால் வலி. ஞாயிறுதோறும் தங்கைதான் கடைக்குப் போவாள். ஒருவழியாக வைத்தியத்தில் கால் தேறி, அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்து தொட்டியின் முன் உட்கார்ந்தபோது, குஞ்சுகள் வளர்ந்து ஆளாகியிருந்தன.

அக்கா பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இது என் மீன் இல்ல."

"என்னக்கா சொல்ற? நீ குடுத்ததுதான்."

"என் மீனு கூர் மூஞ்சி, ஒல்லி உடம்பு. இதுங்க தலை பெருசு, தாடை பெருசு, முதுகு இவ்வளவு உசரம். கோடு மட்டும்தான் ஒண்ணு." அக்கா குரலை உயர்த்தவில்லை. "செத்துப்போச்சுன்னா சொல்லியிருக்கலாமேடி. நான் என்ன உன்னை அடிச்சிடவா போறேன்?"

தங்கை எழுந்தே நின்றுவிட்டாள். வாழ்க்கையில் எத்தனையோ தடவை மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறாள். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. "சத்தியமா இல்லக்கா! நத்தை தின்னு தின்னு இப்படி ஆயிருக்கு. எங்க டாக்டர்கூடச் சொல்வாரு, ஒரு பக்கமே மென்னு தின்னா அந்தப் பக்கத் தாடை பெருத்துடும்னு. உன் கடைக்கு வர்றவங்களைப் பாரு, மூட்டை தூக்கறவருக்குத் தோள் அகலமாகலியா?"

"தோள் அகலமாகும். மூஞ்சியே வேற மூஞ்சி ஆகுமா?"

அத்தோடு விட்டிருக்கலாம். தங்கை அடுத்த ஞாயிறு ஒரு டப்பா நிறைய நத்தையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். ஒரே தாய்க்குப் பிறந்தவைதானே, ஒன்று செய்வதை இன்னொன்றும் செய்யும் என்பது அவள் கணக்கு. அக்காவின் மீன் நத்தையைக் கவ்வியது. துப்பியது. மறுபடி கவ்வியது, துப்பியது. கடைசியில் சலித்துப்போய் ஓட்டத்துக்கு எதிரே நீந்தப் போய்விட்டது.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "உன்னோடது உடைச்சுத் தின்னுது. என்னோடதுக்கு உடைக்கவே தெரியல. ரெண்டும் வேற வேற சாதிடி."

தன் வாயாலேயே கெட்டது போதாதென்று தன் கையாலேயே சாட்சியையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோமே என்று தங்கை நொந்துகொண்டாள். அக்கா அவளைத் தட்டிக்கொடுத்துக் காப்பி போட்டாள். "விடு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்றாள். உண்மையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. அன்றும் வழக்கம்போலப் பேசினாள், சிரித்தாள், போகும்போது தங்கையின் ரவிக்கையில் பிரிந்திருந்த தையலை நிற்க வைத்தே தைத்து அனுப்பினாள்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தங்கை தாங்கியிருப்பாள். இந்த மன்னிப்புத்தான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. செய்யாத தப்புக்கு மன்னிப்பு!

"உங்க அக்காதான் கோபமே படலியே, அப்புறம் உனக்கு என்ன?" என்றான் கணவன்.

"கோபப்படலங்க. நம்பவும் இல்லையே. என்னை அவ நம்பணும்."

அந்த மழைக்காலத்தில் அக்காவின் மீன்கள் மறுபடி குஞ்சு பொரித்தன. தங்கை ஓடினாள். அக்காவின் கண் முன்னாலேயே சில குஞ்சுகளை அள்ளிக்கொண்டு வந்து, தனியாக ஒரு சின்னத் தொட்டியில் விட்டு, பொடி நத்தையாகப் பொறுக்கிப் போட்டாள். "இதுங்க தாடை பெருக்கட்டும், அப்ப சொல்லு" என்றாள். அக்கா சரி என்று சிரித்தாள். ஞாயிறுதோறும் மிச்சமிருந்த கால் வலியைப் பொறுத்துக்கொண்டு படியேறி வந்து, மீன்களைப் பக்கவாட்டில் பார்ப்பாள். "இன்னும் கூர் மூஞ்சிதான்டி" என்பாள். தாடை என்ன மாவா, ஈஸ்ட் போட்டதும் உப்புவதற்கு? மெல்லத்தான் வரும். ஆனால் தங்கைக்குப் பொறுமை இல்லை. வேலையிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சாப்பாட்டில் மனசு போகவில்லை. அவளுடைய ரவிக்கையே தொளதொளவென்று ஆகிவிட்டது. அதை அக்கா கவனிக்காமல் இருப்பாளா? அவள் கண் லேசுப்பட்டதா?

ஒரு வேலை நாள் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், அக்கா. ஞாயிறு அல்லாத நாளில் அவள் கடையை மூடியதே கிடையாது. கையில் மீன் வாங்கப் போகும் மூடி போட்ட வாளி. உள்ளே வெறும் தண்ணீர். முகத்தில் ஒரு திருட்டுக் களை.

"என்னக்கா, என்ன ஆச்சு? உக்காரு முதல்ல."

அக்கா உட்கார்ந்தாள். வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது."

"சொல்லு."

"வளர்ப்பு மீன் விக்கற கடைத் தெருவுக்குப் போனேன். தாடை பெருத்ததா ரெண்டு வாங்கிட்டு வந்து, நீ வேலைக்குப் போயிருக்கறப்போ மாப்பிள்ளைகிட்ட சாவி வாங்கி, இந்தச் சின்னத் தொட்டியில போட்டுடலாம்னு."

"எதுக்குக்கா?"

"நீ இளைச்சுட்டே போறியேடி. ஞாயித்துக்கிழமை வந்து, ஆமா தாடை பெருத்துடுச்சு, நீ சொன்னதுதான் சரின்னு சொல்லி முடிச்சுடலாம்னு பாத்தேன். உனக்காக ஒரு பொய்."

"அப்ப வாளி ஏன் காலியா இருக்கு?"

"கிடைக்கல." அக்கா வாளி மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "தெரு முழுக்க ஏறி இறங்கிட்டேன். எல்லாக் கடையிலயும் இந்த மீன் இருக்கு. எல்லாமே கூர் மூஞ்சி. கடைசிக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. 'அம்மா, அப்படித் தனியா ஒரு சாதி கிடையாது. பண்ணையில தூள் தீனி போட்டு வளக்கறாங்க, அதனால ஒல்லியா வருது. குஞ்சுல இருந்து நத்தை தின்னு, ஓட்டம் இல்லாத தண்ணியில வளந்தாத்தான் நீங்க கேக்கற மாதிரி தாடையும் முதுகும் வரும். அதை யாரும் விக்கறதில்ல, நீங்களேதான் வளக்கணும்'னாரு."

பெரிய தொட்டியில் டக் என்று ஒரு நத்தை உடைந்தது.

"விலைக்கே கிடைக்காதாம்டி," என்றாள் அக்கா. "நீ வாங்கியிருக்கவே முடியாது. அந்தத் தெருவுல நின்னு அழுகையா வந்துச்சு எனக்கு. அதுங்க என் மீன்தான். என் பேரப்பிள்ளைங்கதான். நீ சொன்ன அன்னிக்கே நான் நம்பியிருக்கணும்."

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பொய் சொல்லக் கிளம்பி, வாங்கப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டு வந்து நிற்கும் அக்காவைப் பார்க்கப் பார்க்க, இவள் என் அக்காவேதான் என்று கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டியும் கொண்டாள். நடுவில் வாளி இடித்தது, தண்ணீர் இரண்டு பேர் மேலும் சிந்தியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"நான் வாங்கியிருக்க முடியாதுன்னு."

"நீ வாங்கியிருக்க முடியாது."

"இன்னொரு தடவை."

அக்கா தன் முந்தானையால் தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நீ பொய் சொல்லலடி," என்றாள்.